ஒன்றாம் தேதி தொலைந்த துப்பாக்கி

அவரை எல்லோரும் 'டுமீல்' என்றுதான் கூப்பிட்டார்கள். பேங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் அந்தத் துப்பாக்கி 'டுமீல்' என்று சத்தம் போட்டு அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. லைசென்ஸ் வாங்குகிற காலத்தில், அதிகாரி முன்னால், ஒரு மண்மேட்டைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுட்டார். அன்றைக்குத் தோள்பட்டை வீங்கிப்போய் மனைவி ஒத்தடம் கொடுத்தாள். அதோடு சரி.

கேஷியர் பெண்ணுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"டுமீல் அண்ணே, நெஜமாவே திருடன் வந்தா சுடுவீங்களா?"

"வரட்டும்மா. வந்தவன் முதல்ல உங்கிட்ட டோக்கன் வாங்கிட்டு வரிசையில உட்காரட்டும். அவன் நம்பரை நீ கூப்பிடறதுக்குள்ள எனக்கு டூட்டி முடிஞ்சிடும்."

வரிசையில் காத்திருப்பவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்ப்பார். டுமீல் உடனே முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார். அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வயதானவர்களுக்குக் கதவைத் திறந்து விடுவார். பேனா இல்லாதவர்களுக்குப் பேனா கொடுப்பார். வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொடுக்காமல் போனால், பின்னாலேயே போய் வாங்கி வருவார்.

காவலாளிகளை வேலைக்கு அனுப்புகிற அந்தக் கம்பெனியில் ஆட்கள் இரண்டு வகை. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பேங்குக்குப் போவார்கள். இல்லாதவர்கள் கார் நிறுத்துகிற இடங்களில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மனிதன் அதே மனிதன்தான். கையில் இருக்கிறதை வைத்துத்தான் இடம். அவருடைய குடும்பம் வாடகை வீட்டில் குடியிருந்ததும், மகள் நர்ஸ் படிப்புக்குப் போனதும் எல்லாம் அந்தத் துப்பாக்கி போட்ட சோறு.

மனைவிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கிண்டல் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர் தரையில் பழைய துணியை விரித்து, துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"என்னங்க, உங்க மூத்த சம்சாரத்துக்கு எண்ணெய் போட்டாச்சா? இளையவ தலை ஒரு வாரமா காய்ஞ்சு கிடக்கு."

"மூத்தவ வாய் பேச மாட்டா. அதான் அவளுக்கு முதல்ல."

காலையில் கிளம்பும்போது அவர் அலமாரி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார். 'ஆண்டவனே, இதுக்கு இன்னிக்கும் வேலை வெச்சிடாதே' என்று வேண்டிக்கொள்வார். இத்தனை வருடமும் ஆண்டவன் அதைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

தேர்தல் வந்தது. தேர்தல் சமயத்தில் ஊரிலுள்ள லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பேங்க் காவலாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்குக் கம்பெனி முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் வழக்கம்போல நாள் கடந்த பிறகு எழுதினார்கள். அதனால் டுமீலும் மற்றவர்களைப்போலத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மகளுடைய பழைய பூப்போட்ட போர்வையைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

ஸ்டேஷனில் ஆயுத அறை என்று சொன்னது ஒரு காலத்தில் குளியலறையாக இருந்த இடம். சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை ஓடு அப்படியே இருந்தது. மேலே காற்றுப் போக ஒரு ஜன்னல், அதில் வரிசையாகக் கண்ணாடிப் பட்டைகள். மழைநாளில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் குடைகளைச் சாய்த்து வைத்திருப்பதுபோலத் துப்பாக்கிகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை, அதில் பெயரும் எண்ணும். அறைக்குப் பொறுப்பான போலீஸ்காரரை எல்லோரும் 'சாவி' என்றார்கள். இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும்.

"பத்திரமாப் பாத்துக்குங்க சார்" என்றார் டுமீல்.

"போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சுட்டுப் பத்திரமாங்கறீங்களே. இதை விடப் பத்திரமான இடம் உங்க மாமியார் வீட்டுப் பரண்தான்" என்றார் சாவி.

தேர்தல் முடிகிற வரைக்கும் அவர் பேங்க் வாசலில் ஒரு தடியோடு நின்றார். மனைவியின் 'மூத்த சம்சாரம்' கிண்டலை அவரே எப்போதோ சொல்லியிருந்ததால் கேஷியர் பெண் விடவில்லை. "என்ன அண்ணே, மூத்தவங்க பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றாள். அவரும் சிரித்தார்.

தேர்தல் முடிந்தது. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். உள்ளே மேசை போட்டு ஸ்டேஷன் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வந்தாலும் "டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.

"எல்லாரும் கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. மத்தியானத்துக்குள்ள மேலிடத்துக்குக் கணக்குப் போகணும், எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்தாச்சுன்னு. சாவி பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. நாளைக்கு வந்து அவங்கவங்க சாமானை எடுத்துக்குங்க."

வரிசையில் முன்னால் நின்ற தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு விவசாயி, "சாமானைக் கண்ணுல பார்க்காமலே கையெழுத்தா? எங்கப்பா எனக்குப் பொண்ணு பார்த்த மாதிரியில்ல இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்படித்தான் நடந்தது. கணக்கு முதலில் போகும், துப்பாக்கி பின்னால் வரும். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. டுமீலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராகத் தன் பெயரை நிதானமாக எழுதிவிட்டு வந்தார்.

மறுநாள் போனார். சாவி அறையைத் திறந்தார். மூலையில் பூப்போட்ட போர்வை கிடந்தது. பக்கத்தில் தரையில் அவருடைய அட்டை, நூல் அறுந்து. துப்பாக்கி இல்லை.

"வேற யாராவது மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார் சாவி. மிச்சமிருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணைப் பார்த்தார். பார்த்ததையே மறுபடி பார்த்தார்.  அப்புறம் மூன்று பேரும், அதாவது சாவியும் டுமீலும் பின்னால் வந்து நின்ற எழுத்தரும், ஒரே சமயத்தில் மேலே ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணாடிப் பட்டைகளில் பாதி இல்லை. வெளியே வேப்பமரக் கிளை தெரிந்தது.  எழுத்தர்தான் முதலில் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணே, ஒரு டீ சாப்பிடலாம்."

டீக்கடையில் எழுத்தர் மெதுவாகப் பேசினார். "ரெண்டு நாள் பொறுங்க. கூட்டத்துல யாராவது மாத்தி எடுத்திருந்தா தானா திரும்பி வந்துடும்."

டுமீல் பொறுத்தார். பிறகு போனார். பிறகும் போனார். கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களைச் சேர்த்தால் ஒரு கைக்கு வராது. அந்த வாரம் மட்டும் அந்தக் கை நிரம்பிவிட்டது.

கடைசியில் எழுத்தரே வாயைத் திறந்தார். "அண்ணே, வரலே. இனி வராது. ஆனா இப்போ எழுத முடியாது. இந்த மாசக் கணக்குப் போயிடுச்சு. தொலைஞ்சது எதுவும் இல்ல, திருடு போனது எதுவும் இல்லன்னு அனுப்பிட்டோம். ஒண்ணாம் தேதி வரட்டும். அதுக்கப்புறம் தொலைஞ்சதா வெச்சுக்கலாம்."

"ஏற்கெனவே தொலைஞ்சிடுச்சே சார்."

"உங்களுக்குத் தொலைஞ்சிடுச்சு. கணக்குக்கு இன்னும் தொலையல. அவ்வளவுதான் விஷயம்."

டுமீலுக்கு இது சரியாக மண்டையில் ஏறவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. "தொலைஞ்சதுன்னு ஏன் சார் எழுதணும்? உங்க ரூம்ல இருந்து திருடு போச்சுன்னு எழுதுங்க. அதானே நடந்தது?"

எழுத்தர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "படிவத்துல எத்தனை கட்டம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. வீட்டுல திருடு போனதுக்கு ஒரு கட்டம். வண்டியில திருடு போனதுக்கு ஒண்ணு. சொந்தக்காரர் அஜாக்கிரதையால தொலைஞ்சதுக்கு ஒண்ணு. ஸ்டேஷன்ல இருந்து போனதுக்குக் கட்டமே கிடையாது. அப்படி ஒண்ணு போகும்னு படிவம் போட்டவனுக்குத் தோணல. நான் எங்க கொண்டுபோய் எழுதறது, ஓரத்துலயா?"

"ஓரத்துல எழுதினாலும் பரவாயில்ல சார். திருட்டுன்னு எழுதினா தேடுவீங்க இல்ல?"

"தேடணும்."

"தொலைஞ்சதுன்னு எழுதினா?"

எழுத்தர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடிக்கிற கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவங்க எப்படி எழுதச் சொல்றாங்களோ அப்படியே எழுதிக் கொடுத்துட்டு வாங்க. போலீஸோட மல்லுக்கு நிக்க நம்மால ஆகுமா?"

"தொலைஞ்சதுன்னு எழுதினா யாரும் தேட மாட்டாங்க."

"தேடிக் கிடைச்சா மட்டும் உங்க கையில கொண்டுவந்து கொடுத்துடுவாங்களாக்கும்."

"எனக்குக் கொடுக்க வேணாம். அவன் கையில இருந்து வாங்கினாப் போதும்."

"எவன் கையில?"

"எவன் எடுத்தானோ அவன் கையில. மெனக்கெட்டு ஜன்னலை ஒடைச்சு எடுத்தவன் சாமி கும்பிடவா எடுத்திருப்பான்?"

அவள் மடித்து வைத்திருந்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். அப்புறம் கிண்டல் எதுவும் பேசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி சூப்பர்வைசரிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? ஒருநாள் அவரே கூப்பிட்டார். "துப்பாக்கி இருந்தா பேங்க். இல்லாட்டி பார்க்கிங். பார்க்கிங்லயும் இப்போ ஆள் நிறைஞ்சு கிடக்கு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?" என்றார். குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பேங்க் வாசலில் அதற்குள் வேறொருவர் நின்றார். புதுத் துப்பாக்கி, பளபளவென்று. டுமீல் எதிர்ப்பக்க நடைபாதையில் போகும்போது கேஷியர் பெண் உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். அவர் பார்க்காததுபோலப் போனார்.

துப்பாக்கி போனது ஸ்டேஷனிலிருந்து என்று ஒரே ஒரு வரி எங்கேயாவது ஏற வேண்டும். அது ஏறினால் தேடுவார்கள். தேடினால் ஒரு உயிர் பிழைக்கும். வேலை போனதுகூட அவருக்கு இரண்டாவதாகத்தான் பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் மேலதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போனார். எல்லா ஸ்டேஷன்களின் கணக்கும் வந்து சேர்கிற இடம் அது என்று எழுத்தரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருந்தார்.

மாடியில் ஒரு நீள அறை. இரும்பு அலமாரிகள். சுவரில் திருட்டுக் கணக்கைக் காட்டும் ஒரு வரைபடம், கலர் கலராகக் கட்டைகள், படிக்கட்டுபோல வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தன. கணக்குப் பிரிவு அம்மா அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். போலீஸ் சம்பந்தப்பட்ட இடத்தில் அவர் சொன்னதை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயா, நீங்க சொல்றது நெஜம்னு எனக்குத் தெரியுது. ஆனா என் வேலை கூட்டுறது மட்டும்தான். ஸ்டேஷன்ல இருந்து என்ன வருதோ அதைக் கூட்டுவேன். அவங்க ஒண்ணுமில்லன்னு அனுப்பினா நான் ஒண்ணுன்னு போட முடியாது."

"எல்லா ஸ்டேஷனும் இப்படி அனுப்பினா, அப்புறம் அந்தப் படம்?" அவர் சுவரைக் காட்டினார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஒரு ஸ்டேஷன்ல ஒரு அதிகாரி இருந்தாரு. காணாமப் போனது ஒவ்வொண்ணையும் உள்ளபடி எழுதினாரு. வருஷக் கடைசியில பார்த்தா அவர் ஸ்டேஷன்தான் எல்லாத்தையும் விட மோசம். பேப்பர்ல போட்டுக் கிழிச்சாங்க. அவரைத் தூக்கி வேற எங்கயோ போட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து அங்க ஒண்ணுமே தொலையல. திருடங்க எல்லாரும் திருந்திட்டாங்க போலிருக்கு." சிரிப்பு வர வேண்டிய பேச்சு. அந்த அம்மா சிரிக்கவில்லை, டுமீலும் சிரிக்கவில்லை.

"மனுவை வாங்கிக்கறேன் ஐயா. மேலே அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். விசாரிக்கச் சொல்லி இது உங்க ஸ்டேஷனுக்கேதான் திரும்பி வரும். வேற வழி வெக்கல."

"பரவாயில்லம்மா. வரட்டும்." யாராவது ஒருத்தர் மேலேயிருந்து கேட்டால் கீழே பயந்துகொண்டாவது தேடுவார்கள் என்று அவர் நம்பினார். படிக்கட்டில் இறங்கும்போது கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த அம்மாவின் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

ஒன்றாம் தேதி கடந்த பிறகு மனு திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் மேசையில் கையெழுத்துப் பதிவேடு விரித்து வைத்திருந்தது. அவர் டுமீலை ஏற இறங்கப் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் ஐயா."

"பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு. படிச்சுட்டுத்தானே போட்டே?"

"எல்லாரும் போட்டாங்க ஐயா. மறுநாள் எடுத்துக்கச் சொன்னாங்க."

"எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்களே. ஒருத்தர் கூடக் காணோம்னு சொல்லலியே. உன் ஒருத்தனுக்கு மட்டும் கால் முளைச்சுப் போயிடுச்சா? யாருக்கு வித்தே?"

டுமீல் ஆயுத அறைப் பக்கம் கையைக் காட்டினார். "ஐயா, அந்த ஜன்னலைப் பாருங்க. கண்ணாடி உடைஞ்சிருக்கு."

"எந்த ஜன்னல்?"

இன்ஸ்பெக்டர் எழுந்து அவரைத் தானே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. மூலையில் சாவி சுவரோடு சுவராக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தர் அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார்.  "ஏன் அண்ணே மேலே போனீங்க? நான்தான் ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேனே. இப்போ ரெண்டே வழிதான். தொலைச்சுட்டேன்னு எழுதிக் கொடுத்தா லைசென்ஸ் போகும், அதோட முடிஞ்சிடும். இல்லாட்டி வித்ததா வழக்கு வரும். ஒரு பொண்ணைப் படிக்க வெச்சுக்கிட்டிருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க."

"நான் தொலைக்கலியே."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன சார் பிரயோஜனம்?"

"ஒண்ணுமில்ல" என்றார் எழுத்தர்.

அன்றைக்கே வாக்குமூலம் எழுதினார்கள். எழுத்தர் எழுதிப் படித்துக் காட்டினார். ஒன்றாம் தேதி பஸ்ஸில் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருந்ததாகவும், களைப்பில் அயர்ந்து தூங்கிவிட்டதாகவும், இறங்கும்போது மறந்து சீட்டிலேயே விட்டுவிட்டதாகவும் இருந்தது. டுமீல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், தூங்கிட்டேன்னு மட்டும் போடாதீங்க."

"ஏன்?"

"வாசல்ல நின்ன இத்தனை வருஷத்துல நான் ஒரு நாள் கண்ணயர்ந்ததில்ல. மேனேஜரைக் கேட்டுப் பாருங்க. துப்பாக்கியை மடியில வெச்சுட்டு எவனாவது தூங்குவானா? வேற எதையாவது போடுங்க."

"வேற என்ன போடறது? முழிச்சுக்கிட்டே இருந்து விட்டுட்டுப் போனீங்கன்னா? யாரும் நம்ப மாட்டாங்க அண்ணே."

 வேறு எப்படி ஒரு மனிதன் துப்பாக்கியைத் தொலைப்பான் என்று அவரும் நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. தூங்கிவிட்டதாகவே இருந்தது. இந்தத் தடவை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸை ரத்து செய்தார்கள். இனி எந்தக் காலத்திலும் கொடுக்கக் கூடாது, ஆள் அஜாக்கிரதை என்று உத்தரவில் எழுதியிருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு மரக்கடையில் வாசல் கதவைத் திறந்து மூடுகிற வேலை கிடைத்தது. லாரி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். மரத்தூள் மூக்கில் ஏறி ராத்திரியெல்லாம் இருமினார். மகள் மாலையில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாள். அவரைப் பார்க்கும்போது சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் அவள் செய்தித்தாளைக் கொண்டுவந்தாள். "அப்பா, நம்ம துப்பாக்கி பேப்பர்ல வந்திருக்கு."

அவர் பதறி எழுந்தார். "யாரைச் சுட்டுட்டாங்க?"

"யாரையும் இல்லப்பா. கணக்குல வந்திருக்கு." அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர்கள் ஸ்டேஷனுக்கு நேரே, திருடு போனது: இல்லை. அஜாக்கிரதையால் தொலைந்தது: ஒன்று. கீழே ஓர் அதிகாரி சொல்லியிருந்தார், துப்பாக்கித் திருட்டு அறவே ஒழிந்துவிட்டது, மக்கள்தான் இன்னும் கொஞ்சம் பொறுப்போடு இருக்க வேண்டும் என்று.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்த ஒண்ணுதான் நீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கேயாவது யாராவது சுடப்பட்டு, துப்பாக்கியும் அகப்பட்டு, அதன் எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால், தொலைத்தவர்கள் பட்டியலில் உள்ளவர்களை வரச் சொல்லி அடையாளம் கேட்பார்கள். அப்படி ஓர் ஆள் வந்து அழைத்த நாளெல்லாம் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். நம்முடையதாக இருக்கக் கூடாது என்று மனைவி பிரார்த்தனை பண்ணினாள். அவருக்குத்தான் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அது நம்முடையது என்றால் அதனால் ஒருத்தர் செத்திருக்கிறார். நம்முடையது இல்லை என்றால் அது இன்னும் வெளியே யார் கையிலோ இருக்கிறது.

அப்படி ஒரு தடவை, ஒரு டயர் கடைக்காரரைப் பட்டப்பகலில் சுட்டிருந்தார்கள். துப்பாக்கியைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து ஊர் ஸ்டேஷனில் மேசைமேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். சேறு காய்ந்து வெடித்துப் போயிருந்தது. இளம் போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நல்லாப் பாருங்க பெரியவரே. இதுவா?"

தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. இதன் மரப்பிடி வேறு நிறம். இருந்தாலும் கிட்டே போய், குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்தார். "இல்ல தம்பி."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டுமீல் வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று மடித்திருந்தது. அந்த டயர் கடைக்காரரின் அம்மா என்று கேட்காமலே தெரிந்தது. அழுது முடித்த முகம். அவரைப் பார்த்ததும் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"உட்காருங்க. நிக்க முடியாம நிக்கிறீங்களே."

அவர் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுலயும் யாருக்காவது..." என்று இழுத்தாள்.

"இல்லம்மா. எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல." அவர் பெஞ்சு ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தார். "ஒரு பொருள் காணாமப் போச்சு. அதுக்காக வரச் சொன்னாங்க."

"ரொம்ப நாளாச்சா?"

"ஆச்சும்மா."

"கிடைச்சுதா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். இவ்வளவு பெரிய துக்கத்தில் இருக்கிறவள், இன்னொருத்தருடைய சின்னக் கஷ்டத்துக்கும் மனதில் கொஞ்சம் இடம் வைத்திருந்தாள்.

"வயித்தெரிச்சல் படாதீங்க. ஆண்டவன்கிட்ட சொல்லுங்க. நானும் சொல்றேன்" என்றாள். அவர் கையைத் தொட்டு, "கண்டிப்பாக் கிடைச்சிடும், பாருங்க" என்றாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.